நிறம் தின்னும் பூச்சி

வன்னிக்கு நெல் தந்தவர்கள் உண்டு. குளம் கட்டித் தந்தவர்கள் உண்டு. நிறம் தருவதற்கென்றே பிறந்தவர் ஒருவர்தான்.

வரலாறு இப்படித்தான் எழுதப்படவேண்டும் என்பது அப்புத்துரையின் விருப்பம். எழுத வேறு எவரும் முன்வராதபடியால், அதை அவரே ஒரு சீ.ஆர். கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக் கீழே கோடும் அடித்து வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் அன்று காலை, தர்மபுரத்தில் தன் வீட்டு மாமரத்தின் கீழ், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்று, ஒரு பூச்சாடிக்குள் மூக்கை விட்டிருந்தார்.

“அமராவதி! இஞ்சை ஒருக்கா வாரும்!”

“அரிசி களையிறன்,” என்றது குசினி.

“அரிசி எழும்பி ஓடாது. வாரும்.”

அமராவதி ஈரக் கையோடு வந்தாள்.

“இந்தச் சாடியிலை நேற்று எத்தினை இலை?”

“இலை எண்ணவோ என்னைக் கட்டினனீங்கள்?”

“ஆறு. நாலு வர்ணம், ரெண்டு பச்சை. கொப்பியிலை குறிச்சு வைச்சிருக்கிறன். இப்ப எத்தினை?”

அவள் குனிந்து பார்த்தாள். “ரெண்டு பச்சை.”

“அப்ப வர்ணம் எங்கை போனது?”

“கத்தரி நட்டிருந்தா இந்தக் கேள்வி வந்திராது,” என்று சொல்லிவிட்டு அவள் அரிசிக்குத் திரும்பினாள்.

அப்புத்துரை ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். முப்பத்திரண்டு வருடம் கமக்காரருக்குப் போதித்தவர். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். மிளகாய்ச் செய்கையை நோய் வாரி அடித்த ஒரு வருடம், அவர் சோறு தண்ணியைப் பாராமல் குந்தியிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். ஐயாயிரம் பிரதி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அடுத்த கிழமை பரந்தன் சந்தியில் அவர் கச்சான் கடலை வாங்கியபோது, கச்சான்காரி அதைச் சுருட்டித் தந்தது அந்தத் துண்டுப்பிரசுரத்தில்தான். அன்றைக்கு அவர் கச்சானைச் சாப்பிடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நிலைமை இன்னும் மோசம். முன்பெல்லாம் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கியவர்கள், இப்போது மணியடித்து விலகச் சொன்னார்கள். மனிதர் கைவிட்டால் தாவரம் இருக்கிறது என்று அவர் தீர்மானித்தார். அதுவும் சும்மா தாவரம் இல்லை. “வர்ண இலைக் கலப்பினப் பல்லாண்டு நிழல் தாவரங்கள்.” இந்தப் பெயரை அவர் மூச்சு விடாமல் சொல்லுவார். கேட்பவர்கள்தான் மூச்சு விடுவார்கள்.

பூ என்பது படிக்காதவர்களின் ஆசை, இலையிலேயே பூவைக் காண்பவன்தான் ரசிகன் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைக்காக ‘வன்னி வர்ண இலைச் சங்கம்’ என்று ஒன்றையும் தொடங்கினார். உறுப்பினர் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். யாப்பும் அவரே எழுதினார். ஏழாம் பிரிவு சொன்னது: ‘எவருடைய தோட்டத்தில் அதிக நிறங்கள் உள்ளனவோ அவரே தலைவர்.’ அந்தப் பிரிவு எழுதப்பட்டபோது சங்கத்தில் பூச்சாடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகுதான் ஆதம்பாவா சேர்ந்தார். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருப்பவர்; எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். வாழ்நாள் முழுக்கச் சீலைக்குச் சட்டைத்துணி பொருத்திக் கொடுத்த மனிதருக்கு நிறத்தைப் பற்றி யாரும் போதிக்கத் தேவையில்லை. கடைக்குப் பின்னால் தென்னைமர நிழலில் இரண்டு வருடத்தில் முப்பத்தொரு நிறம் வளர்த்துவிட்டார்.

கடைசிக் கூட்டத்தில் அதை அவர் மெல்லத்தான் சொன்னார். “முப்பத்தொண்டு வந்திட்டுது ஐயா. ஏழாம் பிரிவை ஒருக்கா வாசிப்பமா?”

“வாசிக்கலாம் நானா, வாசிக்கலாம்,” என்றார் அப்புத்துரை. “அதுக்கு முன்னம் எல்லாரும் ஒருக்கா என்ர வீட்டை வாங்கோ. வாற ஞாயிறில்லை, அதற்கடுத்த ஞாயிறு. நாப்பது காட்டுறன்.”

வெறும் வாய்ப்பேச்சில்லை. தன்னிடமிருந்த குரோட்டன்களை எல்லாம், “அரசாங்கக் கச்சேரி வாசலிலை நிக்கிற சாமான்” என்று சொல்லிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, வவுனியா நாற்றுமேடையிலிருந்து அந்த மாதம்தான் நாற்பது சாடி புதிய கலப்பினம் இறக்கியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு விசித்திரம். ஒன்றில் பச்சை இலையில் மஞ்சள் நரம்பு ஓடியது. ஒன்றில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி. இன்னொன்று ஓரம் சுருண்டு, செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. சாடிக்கு இரண்டொரு இலைதான் முழுப் பச்சை.

அந்த நாற்பதில் ஒன்றுதான் இப்போது வெறும் பச்சையாகி நின்றது. ஞாயிற்றுக்கு இன்னும் ஒன்பது நாள்.

“ஒளிச்செறிவு,” என்று அவர் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார். “வெயில் கூடிப்போச்சு. வர்ணம் தாங்கேல்லை.”

“வர்ணம் தாங்காட்டி மங்கும். இலையோடை எழும்பிப் போகுமோ?”

“உமக்கு விளங்காது.”

மாமரத்தின் கீழ் ஏற்கெனவே கட்டியிருந்த நிழல் வலைக்கு மேலே இன்னொரு வலை கட்டினார். தோட்டம் குகை மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் ஒன்றரைக்கே உள்ளே நுளம்பு பாடியது. திருப்தியோடு போய்ப் படுத்தார். மத்தியானம் இரண்டு மணி நேரம் படுப்பது உத்தியோக காலத்திலிருந்தே அவர் கைவிடாத ஒரே ஒழுக்கம்.

நாலு மணிக்கு எழும்பி வந்து பார்த்தபோது இன்னும் மூன்று சாடி பச்சை.

அந்த நேரம் பின்வேலிப் படலைப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. பின்காணி வீரையா. எழுபத்தேழாம் ஆண்டில் நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, காடு வெட்டி, மிளகாயும் பயற்றையும் செய்து நிமிர்ந்தவர். அப்புத்துரையை விட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் அப்புத்துரை அவரை ‘நீ’ என்றும், அவர் அப்புத்துரையை ‘அய்யா’ என்றும்தான் அழைப்பது. வீரையாவின் பசு கன்று போட்டுச் சில நாளாகிறது. அதற்காக, அரிசி களைந்த தண்ணியும் மரக்கறித் தோலும் எடுக்கத் தினமும் மத்தியானத்தில் வந்துபோகத் தொடங்கியிருந்தார். இன்றைக்கு வாளியை மறந்துவிட்டுப் போய் மறுபடி வந்திருந்தார்.

“வீரையா, உன்ரை மிளகாய்க்கு ஏதும் பூச்சி விழுந்ததோ?”

“இல்லைங்கய்யா. ஏன் கேக்கறீங்க?”

அப்புத்துரை சாடிகளைக் காட்டினார். வீரையா அவற்றைப் பார்த்தார். பிறகு அப்புத்துரையின் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அய்யா, இதை வெளியில யாருக்கும் சொல்லாதீங்க.”

அப்புத்துரை உச்சி குளிர்ந்து போனார். ஆராய்ச்சி இரகசியம் என்றால் என்ன என்று இவனுக்குக் கூட விளங்குகிறதே!

அடுத்த நாள் அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு மணி நேரம் சாடி சாடியாக ஊர்ந்தார். எழும்பியபோது முழங்கால் இரண்டும் மண். ஆனால் கண் ஒளிவிட்டது.

“அமராவதி! வெட்டுவாயைப் பாரும். தண்டோடை ஒட்ட, நேராக வெட்டியிருக்கு. நத்தை எண்டா பிய்ச்சிருக்கும். வெட்டுக்கிளி எண்டா ஓட்டை போட்டிருக்கும். இது பச்சை இலையைத் தொடேல்லை. வர்ண இலையை மட்டும் தெரிஞ்செடுத்துத் தின்னுது. இன்னொண்டும் இருக்குது.” ஒரு நெருப்புப்பெட்டியை மெல்லத் திறந்தார். உள்ளே ஒரு சிட்டிகை சாம்பல் நிறத் தூள். “ஒவ்வொரு வெட்டுவாயிலும் இந்தத் தூள் ஒட்டிக்கிடக்கு. பூச்சியின்ரை எச்சம். இப்பிடி ஒரு பூச்சி இதுவரை ஒரு புத்தகத்திலும் இல்லை.”

“அப்ப?”

“அப்ப நான்தான் கண்டுபிடிச்சனான். ‘அப்புத்துரை வண்டு’ எண்டு பேர் வைக்கலாம் எண்டு யோசிக்கிறன்.”

“வண்டைக் கேட்டனீங்களோ?”

அவர் தூளின் படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். போட்டு அரை நிமிடத்தில் சங்கச் செயலாளர் சுகந்தினி ரீச்சர், ‘வாழ்த்துகள் ஐயா. வன்னிக்குப் பெருமை’ என்று எழுதினா. எதற்கென்றாலும் அரை நிமிடத்தில் வாழ்த்துவது அவாவின் வழக்கம். ஒருமுறை செத்தவீட்டு அறிவித்தலுக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஆதம்பாவா மட்டும், ‘பூச்சியின்ரை படம் எங்கை ஐயா?’ என்று கேட்டிருந்தார்.

பூச்சியின் படம்தான் பிரச்சினை. அதைக் கண்டவர் யாருமில்லை.

வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தார். எண்ணெய் கூடிப் போய், மிஞ்சியிருந்த வர்ண இலைகளில் சிலவற்றின் ஓரமும் கருகிச் சுருண்டது. மறுநாள் பார்த்தால், கருகிய இலை ஒன்றுகூட இல்லை.

“பாத்தீரோ? வேப்பெண்ணெய் அதுக்கு ஊறுகாய்,” என்றார் வியப்போடு. ஆராய்ச்சியாளர் என்ற வகையில் அவருக்குப் பூச்சியின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. தலைவர் என்ற வகையில் ஞாயிற்றுக்கு எத்தனை நாள் என்று விரல் மடித்து எண்ணினார்.

ஐந்தாம் நாள் ஒரு நினைப்பு வந்தது. வெட்டு நேராக இருக்கிறது. குசினிக் கத்தியும் நேராகத்தான் வெட்டும். அவர் குசினி வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“உமக்கு இந்தச் செடியளிலை விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும்.”

அமராவதி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். “அதுக்கு?”

“இல்லை, சும்மா சொன்னனான்.”

“இஞ்சேருங்கோ. நான் வெட்டுறதெண்டா இலை இலையா வெட்ட மாட்டன். சாடியோடை தூக்கிக் கிணத்துக்குள்ளை போட்டிருப்பன்.”

அந்தப் பதிலில் இருந்த நேர்மை அவரைத் திருப்பி அனுப்பியது. அன்று பின்னேரம் தேத்தண்ணி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

தேத்தண்ணி இல்லாத மூளை ஆதம்பாவா பக்கம் போனது. போன கிழமை ஒரு பெட்டி மஸ்கற் இனிப்போடு வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் அல்லவா? போனை எடுத்தார்.

“நானா, ஒரு சின்ன விஷயம். உங்கட கடையிலை கத்தரிக்கோல் எத்தினை?”

“ஏன் ஐயா? சட்டை தைக்கப் போறீங்களோ?”

“இல்லை. அண்டைக்கு வரேக்கை கையிலை கொண்டு வந்தனீங்களோ எண்டு…”

ஆதம்பாவா அமைதியாகச் சொன்னார். “ஐயா, நான் ஞாயிற்றுக்கிழமை வாறன். வாடகை வானுக்குச் சொல்லியாச்சு. யாப்பையும் கையோடை கொண்டு வாறன்.”

இனி ஒரே வழிதான். காவல். வெள்ளிக்கிழமை காலை, மாமரத்தடியிலிருந்த நாற்பது சாடியையும் பின்பக்கம் கிணற்றடிக்கு மாற்றினார். குசினி யன்னலும் பின்படலையும் நேரே பார்க்கும் இடம். பூச்சி எந்த வழியால் வந்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் படும். அமராவதி கதைக்காதபடியால் அந்த யாராவது வீரையாவாகத்தான் இருக்க முடியும்.

“வீரையா, உன்னை நம்பித்தான் இருக்கிறன்.”

“சொல்லுங்கய்யா.”

“ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆக்கள் வருகினம். அதுவரைக்கும் ஒருநாளைக்கு மூண்டு தரம் வந்து பார். இலையிலை ஏதும் வித்தியாசமாத் தெரிஞ்சா என்னை வந்து கேக்கத் தேவையில்லை. செய்ய வேண்டியதை உடனை செய். விளங்குதோ? இது என்ரை மானப் பிரச்சினை.”

வீரையாவின் கண் கலங்கினாற்போல் இருந்தது. “அய்யா இவ்வளவு சொல்லணுமா? அய்யா தலை குனியிற மாதிரி நான் விட்டுருவனா?”

அன்று பின்னேரம் மிச்சமிருந்த வர்ணத்தில் பாதி போயிருந்தது.

சனிக்கிழமை விடிய அப்புத்துரை முதல் பஸ்ஸைப் பிடித்து வவுனியாவுக்கு ஓடினார். கிடைத்ததிலேயே நிறம் கூடியவையாக ஆறு சாடி வாங்கினார். இலை முழுக்க மஞ்சள் நரம்பு, நடுவில் வெள்ளைத் தெறிப்பு, ஓரத்தில் செம்புச் சுருள். திரும்பி வரும் வழியில், கனகராயன்குளத்தில் ஏறிய ஒரு அம்மா, “ஐயோ தம்பி, இந்தக் கன்றுகளுக்கு என்ன நோய் வருத்தம்?” என்று கேட்டா. அப்புத்துரை யன்னலுக்கு வெளியே பார்த்தார். விளக்கம் சொல்ல அவாவிடம் அடிப்படை அறிவு இல்லை.

ஆறையும் கிணற்றடியில் இறக்கி, பத்து நிமிடம் நின்று ரசித்துவிட்டு, பயணக் களைப்பில் படுத்தார்.

எழும்பி வந்தபோது பழைய சாடிகளில் மிச்சமிருந்த வர்ணமும் போய், புதிய ஆறு சாடியிலும் ஆறு வெறும் தண்டு நின்றது. ஒவ்வொரு வெட்டுவாயிலும் சாம்பல் நிறத் தூள்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். அமராவதி வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்.”

“சொல்லேலாது அமரா. தலைவர் பதவி போனா நான் வெறும் அப்புத்துரை.”

“இப்ப என்ன, வெறும் அப்புத்துரையோடைதானே நான் இருக்கிறன்?”

தேத்தண்ணி மூளைக்கு ஏறியது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். “நிறத்தைக் காட்டத் தேவையில்லை! நிறம் ஆரெண்டாலும் வளப்பான். துணிக்கடைக்காரனும் வளப்பான். நான் பூச்சியைக் காட்டுவன்!”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வான் வந்தது. பத்துப் பேரும் இறங்கினார்கள். சுகந்தினி ரீச்சர் இறங்கும்போதே வாழ்த்தினா. கிணற்றடியில் நாற்பத்தாறு சாடிகள் வரிசையாக நின்றன. நாற்பதில் பச்சை. ஆறில் தண்டு.

“ஐயா,” என்றார் ஆதம்பாவா, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்து முடித்த பிறகு, “நாப்பது நிறம் எண்டனீங்கள். எனக்கு இதிலை ஒண்டுதான் தெரியுது.”

அப்புத்துரை கதிரையில் ஏறினார். வாடகைக்கு எடுத்த ஒலிவாங்கி ஒரு தரம் வீரிட்டு அடங்கியது.

“சங்கத்தின் பெருமைக்குரிய உறுப்பினர்களே! நீங்கள் காண்பது தோல்வி அல்ல. ஒரு விஞ்ஞானச் சான்று. நிறத்தை மட்டும் உண்டு வாழும் ஒரு பூச்சி இந்த மண்ணிலே, இந்தக் கிணற்றடியிலே உலவுகின்றது. கண்ணுக்குத் தெரியாது. வேப்பெண்ணெய்க்குப் பயப்படாது. அதன் எச்சம் இதோ!”

நெருப்புப்பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஆதம்பாவா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார், முகர்ந்தார்.

“ஐயா, இது அடுப்புச் சாம்பல் மாதிரியெல்லோ கிடக்கு?”

“சந்தேகப்படுவது உங்கள் உரிமை நானா. ஆனால் ஒன்று. இந்தத் தோட்டத்தில் வேறு எந்த நோயும் இல்லை, பராமரிப்பில் குறைவும் இல்லை. அதற்குச் சாட்சி வைத்திருக்கிறேன்.”

வீரையா அப்போதுதான் பின்படலையால் வாளியோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.

“வா வீரையா, இப்பிடி முன்னுக்கு வா. நீ ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறனி. இந்தச் செடியளிலை ஒரு நோய் இருக்கோ? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லு.”

ஒலிவாங்கி வீரையாவின் முகத்துக்கு முன்னால் நீண்டது. அவர் வாழ்நாளில் முதல் தடவையாக அதில் பேசினார்.

“இருந்திச்சுங்க. இப்ப இல்லை,” என்றார் பெருமையாக. “குரோட்டன் எனக்குத் தெரியும், தொரை பங்களாவுல நெறையப் பாத்திருக்கேன். இது அது இல்லைங்க. நரம்பு மஞ்சளாகி, புள்ளி விழுந்து, ஓரம் சுருண்டு, எல்லாம் அன்னைக்கு மொளகாய்க்கு வந்த அதே வருத்தம். போதனாசிரியர் அய்யா வீட்லயே நோய்னு ஊர் பேசிறக் கூடாதுன்னு, அய்யா தூங்குற நேரமாப் பாத்து, வருத்தம் புடிச்ச இலை அத்தனையையும் ஒட்ட வெட்டி, வெட்டுவாயில சாம்பல் வச்சு, கொண்டுபோய் எரிச்சுட்டேன்.”

வீரையா சட்டைப் பையிலிருந்து, பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு பழைய கடதாசியை எடுத்து விரித்து, ஆதம்பாவாவின் கையில் கொடுத்தார்.

“அந்த வருசம் எம் மொளகா தப்புனது இதாலதாங்க. இன்னைக்கு வரைக்கும் இதுல உள்ளபடிதான் செய்யிறேன்.”

ஆதம்பாவா உரத்து வாசித்தார். “இலை நிறம் மாறிவிட்டதா? யோசிக்காதீர்கள். வெட்டுங்கள், சாம்பல் பூசுங்கள், எரியுங்கள்.”

கீழே, மீசை கறுப்பாக இருந்த காலத்து அப்புத்துரையின் படம் இருந்தது.